அசையாப் பிரிவு

ரிப்பேர்காரருக்குக் கழுத்து வலிக்க ஆரம்பித்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. கைபேசி பழுது பார்ப்பது அவர் தொழில். இரண்டு துணிக்கடைகளுக்கு நடுவே செருகி வைத்ததுபோல ஒரு கடை. உள்ளே ஒரு மேசை, ஒரு முக்காலி, பூதக்கண்ணாடி வைத்த ஒரு விளக்கு. காலை முதல் மாலை வரை அந்தக் கண்ணாடிக்குக் கீழே தலையைக் கவிழ்த்து, கடுகளவு உதிரிகளை ட்வீசரால் பிடித்துப் பற்றவைப்பார். வலி முதலில் பிடரியில் மட்டும் இருந்தது. பிறகு தோளுக்கு இறங்கியது. போன மாதம் வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் மரத்துப்போய், ஒரு வாடிக்கையாளரின் கைபேசியை அவர் கண்ணெதிரிலேயே கீழே போட்டு உடைத்தார். வாடிக்கையாளர் ஓங்கி ஒரு அறை விட்டார். அறை விழுந்த வேகத்தில் கழுத்து இடதுபக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு அது சரியாகத் திரும்பவே இல்லை.

அவருடைய மனைவி நகரப் பேருந்தில் கண்டக்டர். நிற்கிற கூட்டத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முழங்கையாலேயே பாதை போடுகிறவர்.

"கை போச்சுன்னா கடையைப் பூட்டிட்டு என் பஸ்ஸுல வந்து உக்காந்துக்குங்க" என்றார். "டிக்கெட் மட்டும் எடுத்துரணும். வீட்டுக்காரருன்னு ஓசி கிடையாது."

ஆனால் அவர்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஒட்டியிருந்ததாம். 'நாள்பட்ட கழுத்துவலியா? உடற்பயிற்சியே தீர்வு. ஆய்வில் பங்கேற்பீர்.'

கழுத்துவலி ஆய்வு நிலையம் நான்கு மாடிக் கட்டடம். பதிவு செய்யும் இடத்தில் கண்ணாடித் தடுப்பு இருந்தது. பேசுவதற்கான ஓட்டையை இடுப்பு உயரத்தில் போட்டிருந்தார்கள். அதனால் கழுத்துவலிக்காரர்கள் எல்லோரும் ஒவ்வொருவராகக் குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, ஓட்டைக்குள் வாயை வைத்து வலியைச் சொல்ல வேண்டியிருந்தது. சிலர் சொல்லிவிட்டு நிமிர முடியாமல் அப்படியே நகர்ந்து போனார்கள்.

"வலி எவ்வளவு?" என்று உள்ளேயிருந்து பதிவு எழுத்தர் கேட்டார். ஒல்லியான, களைத்த மனிதர். "பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு எண் சொல்லுங்க. பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா சாவு மேல்."

"எட்டு" என்றார் ரிப்பேர்காரர்.

"பன்னிரண்டு வாரம் கழிச்சு மறுபடி கேப்பேன். அப்ப நீங்க சொல்றதுதான் முடிவு. பதினாலு இடத்துல கையெழுத்துப் போடுங்க."

நாற்பது பேரைக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். நிலையத்தின் இயக்குநர் வந்தார். நல்ல உயரம், தேக்குத் தூண்போல நேரான கழுத்து. அவருக்கு ஒருநாளும் கழுத்து வலித்ததில்லை என்பது வரவேற்புரையிலேயே ஒரு தகுதியாகச் சொல்லப்பட்டது.

"உங்கள்ல இருபது பேருக்கு உடற்பயிற்சி உண்டு. அது அசையும் பிரிவு" என்றார் இயக்குநர். "மிச்சம் இருபது பேருக்கு ஒண்ணும் கிடையாது. அது அசையாப் பிரிவு. பன்னிரண்டு வாரம் அவங்க கழுத்தை அசைக்கவே கூடாது. பயிற்சி நல்லதுன்னு உலகத்துக்கு நிரூபிக்கணும்னா, பயிற்சி இல்லாதவங்க கஷ்டப்பட்டுத்தானே ஆகணும்? யாரும் கவலைப்பட வேண்டாம். உங்க கஷ்டம் வீணாப் போகாது. அட்டவணையில வரும்."

தகரப் பெட்டியில் கைவிட்டுச் சீட்டு எடுத்தார்கள். ரிப்பேர்காரருக்கு 'அசையா' என்று வந்தது.

"ஐயா, நான் உடற்பயிற்சின்னு போட்டிருந்ததைப் பார்த்துத்தான் வந்தேன்."

"எல்லாரும் அதைப் பார்த்துத்தான் வர்றாங்க" என்று இயக்குநர் பரிவோடு சொன்னார்.

வீட்டில் இதைக் கேட்ட கண்டக்டரம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "கல்யாணம் பண்ணி பதினெட்டு வருஷத்துல எனக்குன்னு ஒரு அசையாச் சொத்து இல்லையேன்னு நினைச்சேன். இப்ப வந்துருச்சு."

திங்களும் வியாழனும் அசையாப் பிரிவு நிலையத்துக்கு வந்து ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும். கழுத்தை அசைக்கிறார்களா என்று பார்க்க இரண்டு காப்பாளர்கள். ஒருவருக்குப் பெஞ்சின் இடதுபக்கப் பொறுப்பு, இன்னொருவருக்கு வலதுபக்கப் பொறுப்பு. பெயரே இடது, வலது என்று ஆகிவிட்டது. இருவருமே முன்பு கிடங்கில் மூட்டை தூக்கியவர்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் எப்போதும் பிசைந்துகொண்டே இருப்பார்கள்.

முதல் வியாழக்கிழமை யாரோ பின்னாலிருந்து, "கைபேசிக்காரரே!" என்று கூப்பிட்டார்கள். ரிப்பேர்காரர் திரும்பிப் பார்த்தார். கன்னத்தில் பளாரென்று விழுந்தது. மூக்குக்கண்ணாடி போய்ச் சுவரில் மோதியது.

"கழுத்தைத் திருப்பக் கூடாதுன்னு சொன்னோமா இல்லியா?" என்றார் வலது. "கூப்பிட்டா எழுந்து நின்னு, முழு உடம்பையும் திருப்பணும்."

"கூப்பிட்டது யாரு?"

"நான்தான்" என்றார் இடது. "சோதனை."

ரிப்பேர்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பதிவு எழுத்தரிடம் போய், அடிக்க விதியில் இடம் இருக்கிறதா என்று ஓட்டை வழியாகக் கேட்டார். எழுத்தர் ஒரு தடித்த புத்தகத்தைப் பொறுமையாகப் புரட்டினார். "அசையாப் பிரிவுக்கு உடற்பயிற்சி தரக் கூடாதுன்னுதான் இருக்கு சார். அடி உடற்பயிற்சியில சேராது. தடையில்ல." கொஞ்ச நேரம் கழித்து, தாழ்ந்த குரலில், "கண்ணாடி உடைஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

தாழ்வாரத்துக்கு எதிர்ப்பக்கம் அசையும் பிரிவின் கூடம் இருந்தது. அங்கிருந்து வந்த சத்தத்தைக் கேட்ட அசையாப் பிரிவினர், தங்கள் அதிர்ஷ்டத்தை நினைத்து ஓசைப்படாமல் மூச்சு விட்டார்கள். அங்கே பயிற்சி தந்தவரை மாஸ்டர் என்றார்கள். மற்போர் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவரை, கழுத்தைப் பற்றி நிறையத் தெரிந்தவர் என்று தேர்ந்தெடுத்திருந்தார்கள். கழுத்தை எதிராளியின் உறுப்பாகவே பார்த்துப் பழகியவர். உத்தரத்தில் கப்பி மாட்டி, தோல்பட்டையைத் தாடையில் கட்டி, மறுமுனையில் மணல்மூட்டை தொங்கவிடுவார். முனகினால் இன்னொரு மூட்டை. மூன்றாவது வாரம் ஒரு தையல்காரருக்குக் கழுத்தில் 'கட்டக்' என்று கேட்டது. அது தாழ்வாரம் தாண்டிக் கேட்டது. அவரைக் கதவைக் கழற்றி அதில் வைத்துத் தூக்கிப்போனார்கள். பதிவேட்டில் 'மிகை ஒத்துழைப்பு' என்று எழுதப்பட்டது.

அந்தப் பிரிவில் பெயிண்டரக்கா என்று ஒருவர் இருந்தார். பெரிய கட்டடங்களின் உட்கூரைக்கு வெள்ளை அடிப்பவர். முப்பது வருடம் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து போனவர். குனிந்து குனிந்து கழுத்தைக் கெடுத்துக்கொண்ட ரிப்பேர்காரருக்கு மறுபக்கம். ஒருநாள் தாடையில் பட்டை பதிந்த தழும்போடு வெளியே வந்து, தண்ணீர்க் குழாயடியில் ரத்தம் துப்பிக்கொண்டிருந்தார். நாக்கைக் கடித்திருந்தார்.

"அக்கா, இதுதான் உடற்பயிற்சியா?" என்று ரிப்பேர்காரர் கேட்டார், முழு உடம்பையும் திருப்பி.

"இது எந்த எழவுன்னு எனக்குத் தெரியல தம்பி" என்றார் பெயிண்டரக்கா. "முதல் நாளு ஒரு புத்தகம் குடுத்தாங்க. அதுல இப்படி ஒண்ணுமே இல்ல. தாடையை மெதுவா உள்ள இழு, அஞ்சு எண்ணு, விடு. தோளைப் பின்னால சேர்த்து இறுக்கு, விடு. நெத்தியில உள்ளங்கையை வெச்சு மெல்ல அழுத்து. அவ்வளவுதான். மாஸ்டர்கிட்டக் காட்டினேன். புத்தகம் படிக்கறதுக்கு, பயிற்சி செய்யறதுக்குன்னு சொல்லிட்டு மூட்டையைக் கட்டிட்டான்."

புத்தகத்தை ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்து அவர் கையில் திணித்தார். "எனக்கு இனி இது பிரயோஜனமில்ல. நீயாவது வெச்சுக்க."

ரிப்பேர்காரர் அன்று முதல் காலையில் கடை திறக்கும் முன்பும், மாலையில் பூட்டிய பின்பும் சமையலறைச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று செய்தார். கண்டக்டரம்மா எண்ணினார். அவருக்கு எண்ணத் தெரிந்த விதம் ஒன்றுதான்.

"தாடை உள்ள போகட்டும், உள்ள போகட்டும், உள்ள இடம் இருக்கு! மூணு, நாலு, அஞ்சு. ஹோல்டான்! இறங்கலாம்."

கடையில் முக்காலிக்குப் பதில் நாற்காலி போட்டு, விளக்கைக் கண்ணுக்கு நேராக உயர்த்திக் கட்டினார்கள். இரண்டு வாரத்தில் விரல்களின் மரமரப்பு போயிற்று. நான்கு வாரத்தில், தெருவைக் கடக்கும்போது இருபக்கமும் பார்த்தார். வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் ஒரு செய்தியாகச் சொன்னார். அன்று கண்டக்டரம்மா பகடி எதுவும் செய்யவில்லை. அவர் பிடரியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டார்.

எட்டாவது வாரம் இடைக்கால அளவெடுப்பு. ரிப்பேர்காரர் சந்தோஷமாகக் குனிந்து, ஓட்டைக்குள், "மூணு" என்றார்.

எழுத்தரின் பேனா நின்றது. "சார், மறுபடி யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? மூணுதான். நேத்து ரெண்டரை."

எழுத்தர் கண்ணை மூடிக்கொண்டார். "நீங்க நல்லவர் சார். ஆனா கொஞ்சம் விவரம் பத்தாது" என்றார்.

ஒரு மணி நேரத்தில் இடதும் வலதும் வந்து ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்து அவரை இரண்டாம் மாடிக்குத் தூக்கிப்போனார்கள். நீளமான மேசை. ஒருபக்கம் இயக்குநர், பக்கத்தில் மாஸ்டர், ஓரத்தில் பதிவேட்டோடு எழுத்தர். ரிப்பேர்காரரின் சட்டைப்பையைச் சோதித்துப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்கள், கத்தியை வைப்பதுபோல.

"நீங்க குணமாயிருக்கீங்க" என்றார் இயக்குநர். "மறுக்கறீங்களா?"

"இல்லீங்க. நல்லாத்தான் இருக்கு. நீங்க போட்ட புத்தகம்தான். ரொம்ப நல்ல புத்தகம்."

"அதுதான் குற்றம். நாங்க குணப்படுத்தறதுக்காகப் புத்தகம் போடல. போட்டோம்னு காட்டறதுக்காகப் போட்டோம். இப்ப பாருங்க, அசையும் பிரிவுல சராசரி ஒன்பதுக்குப் போயிருச்சு. அசையாப் பிரிவுல ஒருத்தர் மூணுக்கு வந்து நிக்கிறார். 'அசைவே மருந்து'ன்னு என் ஆய்வுநூல் அச்சுக்குப் போயாச்சு. முடிவுரையும் எழுதியாச்சு. எண்ணு மட்டும்தான் வரணும்."

எழுத்தர் தயங்கி எழுந்தார். "ஐயா, ஒரு வழி இருக்கு. இவரோட மூணை அந்தப் பக்கம் எழுதிட்டு, அந்தப் பக்கத்து எட்டு ஒண்ணை இந்தப் பக்கம்..."

இயக்குநர் மேசையை அறைந்தார். தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. அவர் முகத்தில் உண்மையான வேதனை தெரிந்தது.

"பொய் எழுதச் சொல்றியா? இருபத்தஞ்சு வருஷமா இந்த நிலையத்துல ஒரு எண்ணைத் திருத்தினது கிடையாது. ஒரு அடித்தல் கிடையாது. பதிவேட்டைத் தொறந்து யார் வேணும்னாலும் பார்க்கலாம். நாங்க எண்ணை மாத்த மாட்டோம்." ரிப்பேர்காரரைக் காட்டினார். "ஆளை மாத்துவோம்."

கீழே, அசையும் பிரிவின் கூடத்தில், அவரை ஸ்டூலில் உட்காரவைத்துக் கைகளைப் பின்னால் கட்டினார்கள். பெயிண்டரக்காவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் கப்பிகளில் தாடை மாட்டியபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு எங்கும் பார்க்க அவர்களால் முடியாது.

"பழைய நிலைக்குக் கொண்டுவரப் போறோம்" என்று மாஸ்டர் சொன்னார். "எட்டு வந்ததும் நிறுத்திருவோம். ஒண்ணும் பயப்படாதீங்க."

முன்கையால் பிடரியில் ஒரு வெட்டு வெட்டினார். ரிப்பேர்காரரின் பற்கள் ஒன்றோடொன்று மோதின.

"இப்ப எவ்வளவு?" என்று எழுத்தர் கேட்டார். அவர் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எட்டு! எட்டு!"

"பொய்" என்றார் இயக்குநர். "மூணுலேர்ந்து ஒரே அடியில எட்டு வராது. அறிவியல்பூர்வமா அஞ்சுதான். தொடருங்க."

இரண்டாவது அடி காதுக்குக் கீழே விழுந்தது. மூன்றாவதுக்கு, காப்பாளர் இடது தலைமுடியைப் பிடித்து ஒருபக்கம் இழுக்க, காப்பாளர் வலது தோளை மறுபக்கம் அழுத்தினார். உள்ளே ஏதோ நூல் அறுவதுபோல ஒன்று நடந்தது. ரிப்பேர்காரர் கத்தினார், அது ஒரு எண்ணாக இல்லை. நான்காவது அடியில் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து சட்டையை நனைத்தது. மரமரப்பு விட்டுப்போயிருந்த அந்த இரண்டு விரல்களும், கட்டிய கயிற்றுக்குப் பின்னால், மறுபடி மரத்துப்போயின.

"எவ்வளவு?"

"பத்து" என்று முனகினார்.

இயக்குநர் குனிந்து அவர் கண்களைப் பார்த்தார். உச்சுக்கொட்டினார். "இது நிஜமாவே பத்துதான். அதிகமாப் போயிருச்சு. ரெண்டு குறைங்க."

வலது ஓடிப்போய் வெந்நீர்ப் பை கொண்டுவந்தார். அடித்த இடத்தில் இதமாக ஒத்தடம் கொடுத்தார். "தைலம் தடவவா?" என்று அக்கறையாகக் கேட்டார். எழுத்தர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்பதில் இருக்கும்போது கதவு திறந்தது. கண்டக்டரம்மா பணிநேரம் முடிந்து, கணவரை அழைத்துப்போக வந்திருந்தார். காக்கிச் சட்டை, தோளில் தோல்பை, கையில் டிக்கெட் இயந்திரம். மூக்கில் ரத்தத்தோடு கட்டப்பட்டிருக்கும் மனிதரையும், அவர் பிடரியில் வெந்நீர்ப் பையோடு நிற்கும் ஆளையும் பார்த்தார். என்ன ஏதென்று கேட்கவில்லை.

டிக்கெட் இயந்திரம் வலதின் நெற்றியில் இறங்கியது. அடுத்தது இடதின் வாயில். இரண்டு பற்கள் தரையில் உருண்டன. மாஸ்டர் பின்னாலிருந்து வந்து அவர் கழுத்தை முழங்கையால் வளைத்தார். அது அவர் தொழில். கண்டக்டரம்மாவின் கண்கள் பிதுங்கின. அப்போது பெயிண்டரக்கா தன் தாடைப்பட்டையைக் கழற்றிவிட்டார். மறுமுனையில் இரண்டு மணல்மூட்டைகள், தலைக்கு மேலே தொங்கியவை, நேராகக் கீழே வந்தன. கீழே மாஸ்டர் இருந்தார். கழுத்திலிருந்து 'கட்டக்' என்ற சத்தம், தையல்காரருக்குக் கேட்டதைவிடக் கொஞ்சம் பெரிதாக, கேட்டது.

அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்வது கஷ்டம். எட்டு வாரம் அடங்கியிருந்தவர்கள் எல்லோரும் பட்டையைக் கழற்றினார்கள். தாழ்வாரத்திலிருந்து அசையாப் பிரிவும் ஓடிவந்தது, கழுத்தை அசைக்காமல், முழு உடம்போடு. இடதைக் கப்பியில் மாட்டி ஏற்றினார்கள். ஒருவர் பெஞ்சின் காலைப் பிடுங்கி, கண்ணில் பட்ட தோள்களையெல்லாம் இறக்கினார். ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. இயக்குநர் மேசைக்கு அடியில், நேரான கழுத்தை வாழ்க்கையில் முதல்முறையாக மடக்கி உட்கார்ந்துகொண்டு, "இதெல்லாம் பதிவாகக் கூடாது! பதிவாகக் கூடாது!" என்று கத்தினார். எழுத்தர் பதிவேட்டை மூடி அதன்மேல் உட்கார்ந்தார்.

மறுநாள் நிலையத்தின் வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'பங்கேற்பாளர்களின் உற்சாகம் காரணமாகக் கூடம் பராமரிப்பில் உள்ளது.'

ரிப்பேர்காரர் கடை திறக்கவில்லை. கழுத்துப்பட்டையோடு கட்டிலில் படுத்திருந்தார். படுத்தால் தோளில் தீ, எழுந்தால் தலையில் இடி. கரண்டி பிடிக்க வலதுகை வரவில்லை, மனைவி ஊட்டினார். அவர் குரலும் மாஸ்டரின் பிடிக்குப் பிறகு கரகரத்துவிட்டது. பேருந்தில் விசில் மட்டும் ஊதிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவது வாரம் முடிகிற நாள், மதியம், பதிவு எழுத்தர் வீட்டுக்கு வந்தார். மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்பு. செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டில் ஓரமாக நின்றார். கண்டக்டரம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை.

"கடைசி அளவு சார். எண்ணு ஒண்ணு சொன்னாப் போதும்."

"வெக்கமா இல்ல உனக்கு?" என்றார் கண்டக்டரம்மா.

"இருக்கும்மா." அவர் படிவத்தை விரித்தார். "அசையாப் பிரிவுல இருபது பேர். பத்தொன்பது பேர் வீடு மாத்திப் போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் அசையாம இருக்கீங்க. அதனால நீங்க சொல்றதுதான் மொத்தப் பிரிவுக்கும் எண்ணு. இயக்குநர் எட்டுன்னு எதிர்பார்க்கறார். உங்க நிலைமை அவருக்குத் தெரியும், பத்தே வந்தாலும் சந்தோஷந்தான்."

"அந்தப் பக்கம்?" என்று ரிப்பேர்காரர் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்.

"அந்தப் பக்கம் பெயிண்டரம்மா மட்டும் சிக்கினாங்க. பத்துன்னு சொன்னாங்க. எழுதி முடிக்கறதுக்குள்ள நாற்காலி பறந்து வந்துருச்சு." தன் புருவத்துத் தையலைத் தொட்டுக்கொண்டார். பிறகு, யாருக்கோ மனப்பாடம் ஒப்பிப்பதுபோல, சுவரைப் பார்த்துச் சொன்னார். "விதிப்படி, பங்கேற்பாளர் வாயால சொல்றதைத்தான் எழுதணும். கழுத்தை ரெண்டு பக்கமும் ஒரு தடவை திருப்பிக் காட்டணும். எழுதிக் கையெழுத்து ஆனதுக்கு அப்புறம் எண்ணை மாத்தவும் முடியாது, உங்களைத் தொடவும் யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஆய்வு முடிஞ்சுரும்."



ரிப்பேர்காரர் இடதுகையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். கழுத்துப்பட்டையின் கொக்கியைக் கழற்றினார்.

"என்னங்க பண்றீங்க? படுங்க!" என்று கண்டக்டரம்மா கரகரத்தார்.

அவர் இடதுபக்கம் திரும்பினார். தோள்வரை, தாடை தோளைத் தொடும்வரை. உள்ளே எலும்பு மேல் எலும்பு உரசியது வெளியிலேயே கேட்டது. நெற்றி நரம்பு புடைத்தது. பிறகு வலதுபக்கம், அதே அளவு. நேராக வந்தார். கண்களிலிருந்து தண்ணீர் தாரையாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் சிரித்தார்.

"பூஜ்யம்" என்றார்.

எழுத்தர் அவரைப் பார்த்தார். "உறுதியா?"

"வலின்னா என்னன்னே மறந்துபோச்சு சார். எழுதுங்க."

எழுத்தர் எழுதினார். படிவத்தை நீட்டினார். ரிப்பேர்காரர் குனிந்து, இடதுகையால், நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். எழுத்தர் கும்பிட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். கதவு சாத்தும்வரை ரிப்பேர்காரர் நேராக உட்கார்ந்திருந்தார்.

எழுத்தர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் இருக்கும்போது அந்த அலறல் கேட்டது. பக்கத்து வீடுகளின் கதவுகள் திறந்தன. ஒரு பெண் எட்டிப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றார் எழுத்தர்.

அங்கேயே நின்று, படிவத்தைச் சுவரில் வைத்து, பேனாவை எடுத்து, எழுதிய பூஜ்யத்தின் மேலேயே இன்னும் இரண்டு சுற்று சுற்றி, அழிக்க முடியாதபடி கறுப்பாக்கினார். பிறகு இறங்கிப் போனார்.